பதினைந்து சென்ட் ஹாம்பர்கர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஹாம்பர்கர். இரண்டாகப் பிளந்த ஒரு பன். நடுவே கொத்துக்கறியைத் தட்டி வாட்டிய ஒரு வட்டு. கொஞ்சம் வெங்காயம், உப்புநீரில் ஊறிய இரண்டு வெள்ளரித் துண்டு, ஒரு பீய்ச்சுத் தக்காளி சாஸ், ஒரு துளி கடுகு விழுது. இவ்வளவுதான். இதைப் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுது வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பது என் எண்ணம். நூறாண்டுக்கும் மேலாக அமெரிக்காவின் தொழிலும் சட்டமும் மருத்துவமும் இந்தச் சின்ன உணவை நடுவில் வைத்துத்தான் வாதாடி வந்திருக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாம்பர்கரை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தது அதன் வேகம். அதை உடம்புக்குப் பாரமாக்கியதிலும் அந்த வேகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இறைச்சி சாப்பிடலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் இன்று போகப்போவதில்லை. வேகத்தின் கதையைச் சொல்லப்போகிறேன்.

இது எங்கே பிறந்தது? ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பலேறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க்கில் வந்து இறங்கிய மக்களோடு, ஹாம்பர்க் ஸ்டேக் என்ற பெயரில் கொத்திய மாட்டிறைச்சியும் அமெரிக்கா வந்தது. அது தட்டில் வைத்து, உட்கார்ந்து, கத்தியும் முள்கரண்டியும் கொண்டு சாப்பிடும் உணவு. அதைத் தூக்கி ரொட்டிக்குள் வைத்தவர் யார்? இங்கேதான் ஊருக்கு ஊர் உரிமை கொண்டாடுகிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்துச் சீமூர் ஊர்க்காரர்களைக் கேட்டால், 1885-இல் எங்கள் ஊர்ச் சந்தையில் சார்லி நாக்ரீன் என்ற பதினைந்து வயதுப் பையன்தான் என்பார்கள். அவன் விற்ற கறி உருண்டையை நடந்துகொண்டே சாப்பிட மக்களுக்கு வசதிப்படவில்லை. உருண்டையைத் தட்டி ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுத்தான் என்பது அவர்கள் கதை. நியூயார்க் மாநிலத்திலும் ஹாம்பர்க் என்று ஓர் ஊர் உண்டு. அதே 1885-இல் அங்கே நடந்த சந்தையில் மென்ச்சஸ் சகோதரர்கள் செய்தார்கள் என்பது இன்னொரு கதை. டெக்சாஸின் ஏதென்ஸ் ஊரார் ஃப்ளெட்சர் டேவிஸ் என்பவரைச் சொல்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் லூயிஸ் லஞ்ச் என்றொரு சிறிய கடை இன்றும் நடக்கிறது. 1900-இல் அவசரமாக வந்த ஒரு வாடிக்கையாளர், கையோடு எடுத்துப்போக ஏதாவது கொடு என்று கேட்டாராம். கடைக்காரர் லூயி லாசன் கறியை இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் வைத்து நீட்டினாராம். அந்தக் கடையில் இன்றும் பன் கிடையாது. வாட்டிய ரொட்டித் துண்டுதான். கறியை நிமிர்த்தி வைத்து வாட்டும் பழைய இரும்பு அடுப்புகள்தான். தக்காளி சாஸ் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இவற்றில் எது உண்மை? தீர்ப்புச் சொல்லும் ஆசை எனக்கு இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. சீமூரில் சந்தைக் கூட்டம், நடந்துகொண்டே சாப்பிட வேண்டிய தேவை. நியூ ஹேவனில் நிற்க நேரமில்லாத ஒரு மனிதர். கதை எந்த ஊரில் பிறந்தாலும் அவசரம் அதோடு ஒட்டிக்கொண்டே பிறக்கிறது. தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. உச்சிவேளைச் சங்கு ஊதினால் வெளியே வந்து, அடுத்த சங்கு ஊதுவதற்குள் வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டிய மக்கள் பெருகிய காலம். ஒரு கையால் பிடித்து, நின்றபடி தின்று முடிக்கும் சூடான உணவு அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் அந்த மக்களுக்கே கொத்துக்கறி என்றால் பயம். ஏன் பயம்? முழுத் துண்டு இறைச்சியைப் பார்த்தால் நிறம் தெரியும், நாற்றம் தெரியும். அரைத்துவிட்டால் என்ன தெரியும்? விற்காமல் நாள்பட்டது போனதா, கழிவு போனதா, யாருக்குத் தெரியும்? அந்தப் பயத்துக்கு ஆதாரம் தந்தவர் அப்டன் சிங்க்ளேர் என்ற இளம் எழுத்தாளர். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களுக்குள் தொழிலாளர்களோடு ஏழு வாரம் பழகிவிட்டு வந்து அவர் எழுதிய ‘தி ஜங்கிள்’ என்ற நாவல் 1906-இல் நூலாக வந்தது. லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் அந்தக் கூடங்களில் அரைபட்டுப் போகும் கதை அது. தொழிலாளியின் துயரத்தைச் சொல்லத்தான் அவர் எழுதினார். நாடு படித்ததோ தன் தட்டில் கிடந்த இறைச்சியைப் பற்றி! அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆட்களை அனுப்பி விசாரித்தார். 1906 ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும், கலப்பட உணவுக்கும் மருந்துக்கும் எதிரான சட்டத்திலும் கையெழுத்திட்டார். இறைச்சி பிழைத்தது. தொழிலாளி அங்கேயே நின்றார். சிங்க்ளேருக்கு அது கடைசிவரை வருத்தம். அந்த வருத்தம் நியாயமானது.

சட்டம் வந்தால் பயம் போய்விடுமா? போகவில்லை. அதைப் போக்க இரண்டு கடைக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் வால்ட்டர் ஆண்டர்சன் என்ற சமையற்காரர் 1916-இல் ஒரு சின்னக் கடை போட்டார். கறி உருண்டையைச் சூடான கல்லில் போட்டு, தட்டைக் கரண்டியால் நன்றாக அழுத்தினார். மெல்லிசாகப் பரவியதால் சீக்கிரம் வெந்தது. கல்லைத் தொட்ட பரப்பு முழுவதும் பழுப்பேறியது. அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது: கடும் சூட்டில் இறைச்சியின் புரதக்கூறுகளும் சர்க்கரைக்கூறுகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணங்களை உண்டாக்குகின்றன. இதை விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அது 1912-இல். ஆண்டர்சனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. அவர் கை அறிந்திருந்தது.

1921-இல் பில்லி இங்ராம் என்ற வணிகர் அவரோடு சேர்ந்தார். 700 டாலர் கடன் வாங்கி இருவரும் தொடங்கிய கடையின் பெயர் ஒயிட் காசில், வெள்ளைக் கோட்டை. வெள்ளை என்றால் சுத்தம், கோட்டை என்றால் உறுதி. கட்டடம் வெள்ளை, சுவர் வெள்ளை, பணியாளர் உடுப்பு வெள்ளை. சமைப்பது வாடிக்கையாளர் கண்ணெதிரே. விலை 5 சென்ட். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் அதே கடை, அதே அளவு, அதே ருசி. இன்று நமக்கு இது பழகிவிட்டது. அன்று அது பெரிய புதுமை. முன்பின் தெரியாத ஊரில், முகம் தெரியாத ஆள் கொடுக்கும் கொத்துக்கறியை நம்பி வாயில் போடலாம் என்ற தைரியத்தை அந்த வெள்ளைச் சுவர்கள் தந்தன.

இங்ராம் அதோடு நிற்கவில்லை. ஹாம்பர்கர் உடம்புக்கு நல்லது என்று சொல்ல அறிவியலைச் சாட்சிக்கு அழைத்தார். 1930-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி மெக்லெண்டன் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் மேற்பார்வையில் ஓர் ஆய்வு நடந்தது. பணம் கொடுத்தது கடை. மருத்துவ மாணவர் ஒருவர் 13 வாரம் ஒயிட் காசில் ஹாம்பர்கரையும் தண்ணீரையும் தவிர வேறொன்றும் தொடாமல் வாழ்ந்தார். முடிவில் நலமாகத்தான் இருந்தார். கடை அதைப் பெருமையாக விளம்பரம் செய்தது. நண்பர்களே, இந்த மாணவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவருக்கு மறுமொழி சொல்ல இன்னும் இரண்டு சோதனைகள் பின்னால் வருகின்றன.

இனி சான் பெர்னார்டினோ. நான் சொல்ல வந்த கதையின் நடு இடம் இதுதான்.

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் ஊர் அது. நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் என்ற சகோதரர்கள் 1940-இல் அங்கே ஓர் உணவகம் தொடங்கினார்கள். காரை ஓட்டி வந்து நிறுத்தினால் இளம்பெண்கள் காரருகே வந்து கேட்டுப் பரிமாறுவார்கள். இருபத்தைந்து வகை உணவு. நல்ல கூட்டம், நல்ல லாபம். ஆனால் தட்டுகள் உடைந்தன, கரண்டிகள் திருடு போயின, சமையற்காரர்கள் நிலையாக நிற்கவில்லை.

1948-இல் அவர்கள் செய்ததை நினைத்துப் பாருங்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த கடையை மூன்று மாதம் மூடினார்கள்! கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். விற்பனையில் பெரும்பகுதி ஹாம்பர்கரிலிருந்துதான் வந்தது. மற்றதையெல்லாம் தூக்கினார்கள். இருபத்தைந்து வகை ஒன்பது ஆனது. தட்டு போனது, கரண்டி போனது, கண்ணாடிக் குவளை போனது, காகிதம் வந்தது. பரிமாறிய பெண்களின் வேலையும் போனது. அந்தப் பெண்களைப் பற்றி இந்த வெற்றிக்கதையைச் சொல்பவர்கள் ஒரு வரிக்குமேல் சொல்வதில்லை. நானும் அதற்குமேல் சொல்ல வழியில்லாமல் நிற்கிறேன்.

பிறகு சமையலறை. வீட்டு டென்னிஸ் மைதானத்தில் சாக்கட்டியால் சமையலறையின் உண்மை அளவிலேயே கோடு போட்டார்கள். பணியாளர்களை வரவழைத்து, அந்தக் கோடுகளுக்குள் கறி வாட்டுவதாக, பன் எடுப்பதாக, சாஸ் ஊற்றுவதாக நடிக்கச் சொன்னார்கள். எங்கே இருவர் இடித்துக்கொள்கிறார்கள்? யார் ஓரடி கூடுதலாக நடக்கிறார்? அங்கெல்லாம் அழித்து மறுபடி வரைந்தார்கள். எட் டோமன் என்ற உள்ளூர் இயந்திரக் கைவினைஞர் ஒருமுறை அழுத்தினால் சரியான அளவு தக்காளி சாஸ் விழும் கருவியைச் செய்து கொடுத்தார். ஒருவர் கறி மட்டும் வாட்டினார். ஒருவர் சாஸும் வெங்காயமும் மட்டும் வைத்தார். ஒருவர் மில்க்ஷேக் மட்டும். ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலை ஒரு சமையற்கட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். விலை என்ன தெரியுமா? 30 சென்ட்டுக்கு விற்ற ஹாம்பர்கர் 15 சென்ட்! விலை பாதி, வேகம் பலமடங்கு. முதலில் கூட்டம் குறைந்தது. காரில் வந்தவர்கள் பழைய நினைப்பில் ஹாரன் அடித்துக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை என்று கோபித்துப் போனார்கள். சகோதரர்கள் அசையவில்லை. சில மாதங்களில் வேறொரு கூட்டம் வரத் தொடங்கியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தொழிலாளர் குடும்பங்கள்! உணவகத்தில் சாப்பிடுவது என்பது அதுவரை அவர்களுக்கு எட்டாத செலவு. 15 சென்ட் அந்தக் கதவைத் திறந்தது. இந்த இடத்தை நான் மரியாதையோடு சொல்கிறேன். ஒரு மலிவு உணவு ஏழைத் தகப்பனுக்குத் தந்த அந்தக் கௌரவத்தை மறந்துவிட்டு ஊட்டச்சத்து பேசுவது நியாயமாகாது.

இந்தக் கடை ஒரே நேரத்தில் எட்டு மில்க்ஷேக் இயந்திரங்களை ஓட்டுகிறது என்று கேள்விப்பட்டு, அந்த இயந்திரத்தை விற்பவர் 1954-இல் நேரில் பார்க்க வந்தார். ஒவ்வோர் இயந்திரத்திலும் ஐந்து குவளை. ஒரு கடைக்கு ஒரே நேரத்தில் நாற்பது மில்க்ஷேக்கா? ரே கிராக் என்ற அந்த விற்பனையாளருக்கு அப்போது வயது 52. மறு ஆண்டு ஏப்ரல் 15 அன்று இல்லினாய் மாநிலத்து டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கிளையைத் திறந்தார். 1961-இல் 27 லட்சம் டாலர் கொடுத்துச் சகோதரர்களை முற்றாக விலக்கினார். அதே ஆண்டு கிளை நடத்துபவர்களைப் பழக்க ஹாம்பர்கர் பல்கலைக்கழகம் என்ற பயிற்சிக்கூடம் ஒரு கடையின் நிலவறையில் தொடங்கியது. ஒரு பவுண்டு இறைச்சியில் பத்து வட்டு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாம் எழுதி வைத்த விதி. கிராக் கண்டுபிடித்தது புதிய உணவு எதுவும் இல்லை. சாக்கட்டிக் கோட்டை அவர் நாடு முழுவதும் இழுத்தார்.

இறைச்சியை விட முறைதான் பெரிது என்பதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1996-இல் மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியும் இல்லை, பன்றியிறைச்சியும் இல்லை. பிறகு உருளைக்கிழங்கு டிக்கியைப் பன்னுக்குள் வைத்து விற்றார்கள். உள்ளே இருந்த பொருள் முழுவதும் மாறிவிட்டது. கல், கடிகாரம், காகிதம், கவுண்டர் எதுவும் மாறவில்லை. பெயரும் பர்கர்தான்!

சத்துக் கணக்குக்குப் போவதற்கு முன்னால் ஒரு துயரத்தைச் சொல்லியாக வேண்டும். சாப்பாடு சத்தாக இருக்க வேண்டும் என்பதற்கு முன்னால், அது கொல்லாமல் இருக்க வேண்டும்.

1993 ஜனவரி. வாஷிங்டன் மாநிலத்தில் குழந்தைகள் ரத்தமாகப் பேதியாகி மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஜாக் இன் தி பாக்ஸ் என்ற தொடர் உணவகத்தின் ஹாம்பர்கரில் ஈ கோலை கிருமியின் கொடிய வகை ஒன்று இருந்தது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தார்கள்.

ஏன் ஹாம்பர்கரில்? முழு இறைச்சித் துண்டில் கிருமி இருந்தால் மேற்பரப்பில்தான் இருக்கும். மேலே சூடு பட்டால் செத்துவிடும். அரைத்துவிட்டால்? மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. ஒரு துளி பிறை மோர் ஒரு பானைப் பால் முழுவதும் பரவுவதுபோல, ஒரு மாட்டின் தோலிலோ குடலிலோ இருந்த கிருமி, நூற்றுக்கணக்கான மாடுகளின் இறைச்சி சேரும் ஓர் அரவையில் கலந்துவிடுகிறது. அப்புறம் நடுப்பகுதி வரை வெந்தால்தான் காப்பு. மாநில விதி 155 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 68 டிகிரி செல்சியஸ் கேட்டது. அந்த உணவகம் பின்பற்றியது மத்திய அரசின் பழைய அளவான 140 ஃபாரன்ஹீட்டை, அதாவது 60 டிகிரியை. இடையில் எட்டே டிகிரி. கல்லின் மேல் சில வினாடிகள்.

1906-இன் சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தச் சட்டத்தின் பரிசோதகர் கண்ணால் பார்த்தார், மூக்கால் முகர்ந்தார், கையால் தொட்டார். கிருமி இந்த மூன்றுக்கும் அகப்படாது. 1994-இல்தான் அரைத்த மாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருந்தால் அது கலப்படப் பொருள், விற்கவே கூடாது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவித்தது. 1996-இல் ஆய்வகச் சோதனையோடு கூடிய புதிய பரிசோதனை முறை வந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, அந்த அறிவிப்பு வந்தது. பெற்றோர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாதாடியதால் வந்தது.

இப்போது சத்துக்கு வருவோம். ஹாம்பர்கர் நல்லதா, கெட்டதா?

மெக்டொனால்ட்ஸ் விற்கும் சாதாரணச் சின்ன ஹாம்பர்கரை எடுத்துக்கொள்வோம். 1948-இன் நேர் வாரிசு அது. எடை சுமார் 100 கிராம். அதில் 250 கலோரி. 12 கிராம் புரதம். 9 கிராம் கொழுப்பு. அதில் மூன்றரை கிராம் அளவு நிறைவுற்ற கொழுப்பு. 31 கிராம் மாவுச்சத்து. சோடியம் ஏறக்குறைய 500 மில்லிகிராம்.

இந்த எண்களைக் கேட்டு யாராவது அதிர்ந்தீர்களா? அதிர வேண்டியதில்லை. 250 கலோரி ஒரு சிற்றுண்டியின் அளவு. மாட்டிறைச்சியின் புரதம் தரமானது. ரத்தத்துக்கு வேண்டிய இரும்பு எளிதில் உடம்பில் சேரும் வடிவில் இருக்கிறது. துத்தநாகம் இருக்கிறது. செடிகொடி உணவில் கிடைக்காத பி12 வைட்டமின் இருக்கிறது. இதையெல்லாம் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அப்படியானால் குறை எங்கே? கறியைக் குற்றம் சொல்லும் நாம் பன்னைப் பார்ப்பதில்லை. மொத்தக் கலோரியில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்திலிருந்து வருகிறது. பெரும்பாலும் தவிடு நீக்கிய மைதா. நார்ச்சத்து ஓரிரு கிராம் தேறினால் அதிகம். காய் என்று சொல்ல ஒரு சிட்டிகை வெங்காயமும் இரண்டு வெள்ளரித் துண்டும். அப்புறம் உப்பு. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தச் சின்னப் பொட்டலம் அதில் கால்பங்கைத் தின்றுவிடுகிறது. கறியில் தூவியது, சாஸில், ஊறிய வெள்ளரியில், பன்னில் என்று நாலு வழியாக உப்பு வருகிறது. நாக்கு அதை உப்பு என்று உணர்வதே இல்லை, ஏனென்றால் சாஸின் இனிப்பு மேலே நிற்கிறது.

ஆனாலும் நான் சொல்கிறேன், இந்தச் சின்ன ஹாம்பர்கர் குற்றவாளிக் கூண்டில் தனியாக நிற்க வேண்டியதில்லை. அதோடு தட்டில் வந்து சேர்ந்தவர்களையும் அழைக்க வேண்டும்.

1955-இல் மெக்டொனால்ட்ஸில் ஒரே அளவுக் கோலாதான் உண்டு: 7 அவுன்ஸ், சுமார் 200 மில்லிலிட்டர். ஒரே அளவு உருளைக்கிழங்கு ஃப்ரைஸ், 70 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஹாம்பர்கர், ஃப்ரைஸ், கோலா மூன்றும் சேர்ந்தால் சுமார் 550 கலோரி. ஒரு வேளை உணவு. இன்று அமெரிக்காவில் பிக் மேக் என்ற பெரிய பர்கர் ஒன்று, பெரிய ஃப்ரைஸ், பெரிய கோலா என்று கேட்டு வாங்கினால் 1,300 கலோரிக்குக் குறையாது. பிக் மேக்கில் மட்டும் சோடியம் 1,000 மில்லிகிராமைத் தொடுகிறது. எப்படி இந்த வளர்ச்சி வந்தது?

டேவிட் வாலர்ஸ்டைன் என்பவர் சிகாகோவில் திரையரங்குகளை நடத்தியவர். பாப்கார்ன் விற்பனையைக் கூட்ட என்னென்னவோ செய்து பார்த்தார். மக்கள் காலிப் பையின் அடியைத் துழாவுகிறார்களே தவிர, எழுந்து போய் இரண்டாவது பை வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? நாலு பேர் பார்க்கத் தீனிக்காரன் என்று தெரிய வெட்கம். ஆகவே அவர் ஒரே பையைப் பெரிதாக்கினார். விற்பனை ஏறியது. பிற்காலத்தில் மெக்டொனால்ட்ஸின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தபோது, ஃப்ரைஸையும் பெரிய பொட்டலமாகப் போடுங்கள் என்றார். ரே கிராக்குக்கு முதலில் பிடிக்கவில்லை. வேண்டுமானால் இரண்டு வாங்கிக்கொள்ளட்டுமே என்றார். வாலர்ஸ்டைன் விடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பெரிய ஃப்ரைஸ் வந்தது. மனிதரைப் போதும் என்று நிறுத்தி வைத்திருந்தது ஒரு சின்ன வெட்கம். பொட்டலம் பெரிதானதும் அந்த வெட்கத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. உணவு வரலாற்றில் இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு குறைவு என்று நான் நினைக்கிறேன்.

ஃப்ரைஸ் பொரித்த எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. நெடுங்காலம் அது மாட்டுக் கொழுப்பில்தான் பொரிந்தது. மாரடைப்பில் தப்பிப் பிழைத்த ஃபில் சோகலோஃப் என்ற ஒமாஹா நகர வணிகர், தன் சொந்தப் பணத்தில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துப் போராடினார். 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். வெற்றிதான். ஆனால் அந்த எண்ணெய் ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கப்பட்டது. அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு இன்னும் கெடுதல் என்று பின்னால் உறுதியானது. 2015-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அத்தகைய எண்ணெயை விலக்க உத்தரவிட்டது. இதற்கிடையில் இன்னொன்றும் வெளிப்பட்டது: தாவர எண்ணெய்க்கு மாறிய பிறகும் ஃப்ரைஸில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி இருந்தது. சைவம் என்று நம்பிச் சாப்பிட்ட இந்துக்களும் மற்றவர்களும் 2001-இல் சியாட்டிலில் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இப்போது அந்த 1930-ஆம் ஆண்டு மாணவரிடம் திரும்புவோம். அவருக்கு மறுமொழியாக 2004-இல் ஒரு திரைப்படம் வந்தது. மார்கன் ஸ்பர்லாக் என்ற இயக்குநர் 30 நாள், மூன்று வேளையும் மெக்டொனால்ட்ஸ் உணவை மட்டும் சாப்பிட்டுத் தன்னையே படமெடுத்தார். 11 கிலோ எடை ஏறியது. உலகம் அதிர்ந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தனக்கு நெடுநாள் குடிப்பழக்கம் இருந்ததை அவரே எழுதினார். படத்தில் காட்டிய கல்லீரல் பாதிப்புக்கு எது காரணம் என்ற ஐயம் எழுந்தது. ஆக, 13 வாரம் தின்று நலமாக இருந்தவர் ஒருவர். 30 நாளில் சீர்கெட்டவர் ஒருவர். முதலாமவருக்குப் பின்னால் கடை. இரண்டாமவருக்குப் பின்னால் காமிரா. ஓர் ஆளின் உடம்பை வைத்து ஊரின் உடம்புக்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது.

மூன்றாவது சோதனை 2019-இல் வெளிவந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் நடத்தியது. 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சாப்பிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். என்ன நடந்தது? ஆலை உணவு சாப்பிட்டபோது அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். மற்ற உணவில் அதே அளவு இறங்கினார்கள்.

அந்த ஆய்வில் என் கண்ணை நிறுத்திய வரி ஒன்று உண்டு. ஆலை உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். மென்மையான உணவு, மெல்ல வேண்டிய வேலை குறைவு. வயிறு போதும் என்று மூளைக்குச் சொல்லி அனுப்பச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தச் சேதி போய்ச் சேர்வதற்குள் தட்டு காலியாகிவிட்டது. வேகம் ஒன்றே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. நானும் அவர்கள் பெயரில் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் நினைத்துப் பாருங்கள். சாக்கட்டியால் வரைந்த அந்தச் சமையலறையில், செய்பவரின் கையிலிருந்து வினாடிகளைப் பிடுங்கினார்கள். இன்று சாப்பிடுபவரின் வாயிலிருந்தும் வினாடிகள் பிடுங்கப்படுகின்றன. மெத்தென்ற பன், அரைத்த கறி, காத்திருக்காமல் கைக்கு வரும் பொட்டலம், உறிஞ்சினால் உள்ளே போகும் இனிப்பு நீர். இதில் பல்லுக்கு எங்கே வேலை?

சரி, என்ன செய்யலாம்? நியூயார்க் நகரம் 2008-இல் ஒன்று செய்தது. தொடர் உணவகங்கள் விலைப்பலகையில் விலைக்குப் பக்கத்திலேயே கலோரியையும் எழுத வேண்டும் என்றது. உணவகத் தொழில்துறையினர் நீதிமன்றம் போனார்கள், நகரம் வென்றது. 2018-இல் அது நாடு முழுவதற்கும் விதியானது. இருபதும் அதற்கு மேலும் கிளை உள்ள எந்த உணவகமும் எழுதியே ஆக வேண்டும். நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பத்தும் அதற்கு மேலும் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வோர் உணவுக்கும் எதிரில் கலோரியைக் காட்ட வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்தக் கவுண்டரில் நிற்கும்போது படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எண்ணைத் தேடுங்கள். சின்ன பர்கருக்கு எதிரே என்ன எண், பெரிய காம்போவுக்கு எதிரே என்ன எண் என்று படித்து, இரண்டையும் கழித்துப் பாருங்கள். எண் இல்லையென்றால் மேலாளரை அழைத்துக் கேளுங்கள். கண்ணில் படாத மூலையில் பொடி எழுத்தில் இருந்தாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து, எந்தக் கடையில் என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.